ஏறும்போது எக்ஸாஸ்ட், இறங்கும்போது இன்லெட்

போன ஆடியில், சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பி வந்தார். காரின் டிக்கியைத் திறந்து, பழைய போர்வையில் சுற்றிய சிலிண்டர் ஹெட் ஒன்றைத் தூக்கிவந்து என் பட்டறைப் பெஞ்சில் வைத்தார். மிட்சுபிஷி 4ஜி63. இரண்டு லிட்டர், டர்போ, பதினாறு வால்வு, மேலே இரண்டு கேம் ஷாஃப்ட். எவல்யூஷன் என்ற பெயரோடு ராலிகளில் பேயாக ஓடிய ஜப்பான் லான்சரின் இன்ஜின். இறக்குமதியாக வந்த பழைய இன்ஜினை வாங்கி நம் ஊர் லான்சரில் ஏற்றியிருக்கிறார்.

"ரெண்டு எடத்துல சீட் வெட்டியாச்சுங்ண்ணா. அப்பவும் மூணாவது சிலிண்டர்ல கம்ப்ரஷன் நிக்க மாட்டேங்குது. வால்பாறைல ஒருத்தர் இருக்காருன்னு சொன்னாங்க."

"ஜீப் பார்த்த கை தம்பி இது. டர்போவுக்கு உங்க ஊர்லயே ஆள் இருக்குமே."

"அவங்க எல்லாம் பாத்துட்டாங்கங்ண்ணா."

மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு இரண்டையும் விரலால் அழுத்திப் பிடித்து, மேலே நீட்டிக்கொண்டிருந்த தண்டின் உயரத்தை வெர்னியரில் பார்த்தேன். பக்கத்துச் சிலிண்டரோடு ஒப்பிட்டால் கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். சீட்டை வெட்டி வெட்டி வால்வு உள்ளே இறங்கிவிட்டது. வால்வு சீட்டுக்குள் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு தண்டு மேலே ஏறும். இந்த இன்ஜினில் டேப்பெட் இடைவெளியை ஆயில் அழுத்தத்தில் தானே சரிசெய்துகொள்ளும் குட்டி அட்ஜஸ்டர்கள் உண்டு. தண்டு ஏற ஏற அவை அமுங்கி அமுங்கி, கடைசியில் அமுங்க இடமில்லாமல் முட்டி நிற்கும். அப்புறம் வால்வு முழுதாக மூடாது. தம்பிக்கு இது புதுக் கோளாறு. எனக்கு 2000-ஆம் வருஷத்துக் கோளாறு. அதற்கு வருகிறேன். அதற்கு முன் இந்த மலை ரோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

கொங்கு நாட்டு மோட்டார் தொழில் என்றாலே எல்லோரும் கோயம்புத்தூர் அவினாசி ரோட்டிலிருந்து ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஜி.டி. நாயுடு 1920-ல் தன் முதல் பஸ்ஸை ஓட்டியது பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே. அதிலிருந்துதான் யு.எம்.எஸ். என்ற பெரிய கம்பெனி முளைத்தது. 1931-ல் பி. நாச்சிமுத்து கவுண்டர் பொள்ளாச்சியில் தொடங்கிய பஸ் கம்பெனிக்கு இந்த மலையின் பெயரையே வைத்தார்: ஆனைமலைஸ் பஸ் டிரான்ஸ்போர்ட். ஏ.பி.டி. என்று சொன்னால் எங்கள் வயதுக்காரர்களுக்கு இன்னும் கண்ணில் அந்தப் பஸ் நிற்கும். 1972-ல் அரசு அந்தப் பஸ்களை எடுத்துக்கொண்டபோது அது சேரன் போக்குவரத்துக் கழகம் ஆயிற்று. ஆக, இரண்டு தொடக்கமும் மலை அடிவாரத்தில். அதற்குக் காரணம் உண்டு என்பது என் எண்ணம். சமவெளியில் வண்டி ஓடும். மலையில்தான் வண்டி பழுதாகும். பழுது இருக்கிற இடத்தில்தான் மெக்கானிக் பிறப்பான்.

ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. குரங்கு அருவி, ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயிண்ட், அட்டகட்டி, வாட்டர்பால், கவர்க்கல் பனி, ஐயர்பாடி, ரொட்டிக்கடை, புதுத்தோட்டத்துச் சிங்கவால் குரங்கு, அப்புறம் எங்கள் ஊர். மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரம். வெள்ளைக்காரத் துரைகள் காட்டை வெட்டித் தேயிலை வைத்த நாளிலிருந்து, இங்கே எரிக்கிற எண்ணெய், தின்கிற அரிசி, ஃபேக்டரிக்கு வேண்டிய இரும்பு எல்லாம் இந்த ரோட்டில் ஏறித்தான் வந்தன. தேயிலைப் பெட்டி இறங்கித்தான் போயிற்று. என் அப்பாவும் அப்படி ஏறி வந்தவர்தான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிவந்த கூட்டத்தில் ஒருவர். அதனால்தான் என் தமிழில் கொங்கு வாசம் கொஞ்சம் குறைவு.

1973-ல், பதினாறு வயதில், ஒரு எஸ்டேட் பட்டறையில் ஹெல்பராகச் சேர்ந்தேன். அங்கே துரைமாருக்கு ஜீப், தேயிலைக்கு லாரி. மஹிந்திரா ஜீப்பில் அப்போது வில்லீஸ் ஹரிகேன் பெட்ரோல் இன்ஜின். அது ஒரு விசித்திரப் பிறவி. இன்லெட் வால்வு ஹெட்டில் தலைகீழாகத் தொங்கும். எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கில், பக்கவாட்டில், தலை நிமிர்ந்து நிற்கும். ஒரே இன்ஜினில் இரண்டு காலம் குடியிருந்தது. பக்க வால்வுக் காலம் முடியவில்லை, மேல் வால்வுக் காலம் முழுதாக வரவில்லை. அம்பாசடர்கூட முதலில் பக்க வால்வோடு வந்து, 1959 வாக்கில்தான் 1489 சி.சி. மேல் வால்வு இன்ஜினுக்கு மாறியது. ஜீப் மட்டும் இரண்டையும் வைத்துக்கொண்டு பல வருஷம் எங்கள் உயிரை வாங்கியது. ஹெட்டைக் கழற்றிப் பெஞ்சில் வைத்து இன்லெட்டைப் பார்த்துவிடலாம். எக்ஸாஸ்டைப் பார்க்க பானெட்டுக்குள் குனிய வேண்டும். பக்கத் தகட்டைக் கழற்றி, மேனிஃபோல்டுக்கு அடியில் கையை நுழைத்து, ஸ்பிரிங்கை அமுக்கி, விரல் நுனியால் அந்தச் சின்ன லாக்கை எடுக்க வேண்டும். தவறி உள்ளே விழுந்தால் ஆயில் சம்ப்பைக் கழற்ற வேண்டியதுதான். எனக்கு மூன்று தடவை விழுந்திருக்கிறது.

அந்த ஜீப்பில்தான் என் மேஸ்திரி எனக்கு மலையைச் சொல்லிக் கொடுத்தார். "ஏறும்போது எக்ஸாஸ்டைத் தின்னும், இறங்கும்போது இன்லெட்டைத் தின்னும்" என்பார். ஏறும்போது இரண்டாம் கியரில், ஆக்சிலேட்டரை அமுக்கியபடியே ஒரு மணி நேரம். எரிந்த புகை முழுவதும் எக்ஸாஸ்ட் வால்வின் கழுத்தை உரசிக்கொண்டுதான் போகும். வால்வுத் தலை செங்கனலாகச் சிவக்கும். அந்தச் சூட்டில் முக்கால்வாசி, வால்வு மூடியிருக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில், சீட் வழியாகத்தான் வெளியேற வேண்டும். சீட்டில் மயிரிழை இடைவெளி இருந்தால் நெருப்பு அதன் வழியே பீறிட்டு, வால்வின் ஓரத்தை வெல்டிங் டார்ச் மாதிரி அறுத்துவிடும். கழற்றிப் பார்த்தால் எலி கடித்த ரொட்டி மாதிரி இருக்கும்.

இறங்கும்போது வேறு கதை. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரிலேயே இன்ஜினைப் பிடித்துக்கொண்டு இறங்குவோம். த்ராட்டில் மூடியிருப்பதால் உள்ளே உறிஞ்சல் பலமாகிவிடும். கைடு தேய்ந்திருந்தால் அந்த உறிஞ்சல் இன்லெட் தண்டு வழியாக ஆயிலை இழுக்கும். நாற்பது வளைவும் இழுத்து வைத்துக்கொண்டு, ஆழியாறு செக்போஸ்டில் நின்று மறுபடி ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது குபீரென்று நீலப்புகை. அந்தப் புகையின் அளவைப் பார்த்தே மேஸ்திரி கைடு மாற்றணுமா, ஆறு மாசம் ஓடுமா என்று சொல்லிவிடுவார். கேஜ் எதுவும் வேண்டாம்.

வால்வு உரசுவது என்பது அன்றைக்குத் தனித் தொழில். மரப்பிடியின் முனையில் ரப்பர்க் குடுவை. அதை எச்சில் தொட்டு வால்வுத் தலையில் ஒட்டவைத்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மத்துக் கடைவதுபோல் சுழற்ற வேண்டும். நடுவே சீட்டில் கார்போரண்டம் பேஸ்ட். டப்பாவின் ஒரு பக்கம் முரடு, மறுபக்கம் நைஸ். முரடு போட்டு உரசும்போது கரகரவென்று சத்தம் வரும். மணல் உடைந்து மாவாக ஆக, சத்தம் மெலிந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் உஸ்ஸென்று அடங்கும். அப்போது தூக்கி, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி வைக்க வேண்டும். திருப்பாமல் ஒரே இடத்தில் உரசினால் வரி விழும். துடைத்துப் பார்த்தால் வால்வில் மங்கிய வெள்ளி நிறத்தில் ஒரு வளையம் தெரியும். முழு வட்டம், எங்கும் அறுபடாமல், ஒரே அகலம். அது வந்தால் வால்வைப் பூட்டி, ஹெட்டைக் கவிழ்த்து, போர்ட்டுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போவோம். திரும்பி வரும்போது வால்வைச் சுற்றி ஈரம் இருந்தால் மறுபடி முதலிலிருந்து.

அந்த வளையத்தின் அகலத்தில்தான் நான் ஒருமுறை சறுக்கினேன். 1978 என்று நினைவு. லாரி ஹெட் ஒன்றைத் தனியாகப் பார்க்கக் கொடுத்தார்கள். வளையம் அகலமாக இருந்தால் நன்றாக உட்காரும் என்று என் புத்திக்குத் தோன்றியது. முரட்டு பேஸ்ட் போட்டு உரசு உரசென்று உரசி, மூன்று மில்லிமீட்டர் பளபளவென்று கொண்டுவந்தேன். மண்ணெண்ணெய் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. லாரி ஒரு மாசத்தில் வாட்டர்பால் பக்கத்தில் நின்றுவிட்டது. அகலமான சீட்டில் ஸ்பிரிங்கின் அழுத்தம் பரவிப்போகும். கரித்தூள் நசுங்காமல் நடுவே தங்கும். தங்கின இடத்தில் கசியும். எக்ஸாஸ்டுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் போதும், இன்லெட்டுக்கு அதற்கும் குறைவு. மேஸ்திரி திட்டவில்லை. எரிந்த வால்வை என் சாப்பாட்டுத் தூக்கின் மேல் வைத்துவிட்டுப் போனார்.

லாரியில் இன்னொன்று கற்றோம். பின்னாளில் மலை ஓட்டும் லாரிகளுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் வந்தது. புகைக்குழாயில் ஒரு ஷட்டர். இறக்கத்தில் அதை மூடினால் இன்ஜின் வெளியே தள்ளுகிற காற்று போக வழியில்லாமல் எதிர்த்து அழுத்தும்; வண்டி நிதானப்படும். பிரேக் டிரம் காயாது. டிரைவர்களுக்குத் தெய்வம் மாதிரி. ஆனால் அந்தக் குழாயில் தேங்கிய அழுத்தம் எக்ஸாஸ்ட் வால்வின் முதுகில் உட்காரும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் மூடியிருக்க வேண்டிய வால்வை அது தள்ளித் திறக்கும். டிக் டிக் என்று சீட்டில் அடிபட்டு, சீட் குழியும். அதுவரை ஸ்பிரிங்கை நாங்கள் பெரிதாக மதித்ததில்லை. அதன் பிறகு பழைய ஸ்பிரிங்கையும் புதிய ஸ்பிரிங்கையும் மேலும் கீழுமாக வைஸில் இறுக்கி, எது முதலில் குறுகுகிறது என்று பார்ப்பது வழக்கமாயிற்று.

எண்பதுகளின் கடைசியில் எஸ்டேட்டில் கூலிப் பிரச்சினை. நான் கோயம்புத்தூருக்கு இறங்கி, ராம்நகர் பக்கம் ஒரு ஹெட் பட்டறையில் நாலைந்து வருஷம் இருந்தேன். அந்த ஊரை அப்போதுதான் புரிந்துகொண்டேன். முப்பதுகளில் பைக்காரா மின்சாரம் வந்து மில்களை இழுத்து வந்தது. மில்களுக்கு வேண்டிய உதிரி, கிணறுகளுக்கு வேண்டிய மோட்டார் பம்பு என்று பி.எஸ்.ஜி., டெக்ஸ்டூல் மாதிரி இடங்களில் கை பழகிய ஆட்கள் தெருவுக்குத் தெரு லேத்தைப் போட்டார்கள். என்ன உடைந்தாலும் அன்று மாலைக்குள் கடைந்து தர ஒருவர் இருப்பார். உக்கடத்தில் பழைய இரும்பு. பம்புக்குக் கடைந்த அதே லேத்தில்தான் ரேஸ் காருக்கும் கடைந்தார்கள்.

ரேஸ் என்றால் கரிவரதன். லட்சுமி மில்ஸ் குடும்பத்து ஆள். சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் ஓட்டியவர். ஓட்டுவதோடு நில்லாமல், 1988-ல் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி. வெளிநாட்டுக் கார் வாங்க வக்கில்லாத பையன்கள் ரேஸ் ஓட்டப் பழகியது அதில்தான். 1995-ல் கோவை அருகே விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையத்தில் 2003-ல் திறந்த ரேஸ் ட்ராக் அவர் பெயரில் நிற்கிறது. 2005-ல் ஃபார்முலா ஒன் வரை போன முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்தான். நான் கரியை நேரில் பார்த்ததில்லை. ஒரு ஃபார்முலா மாருதி ஹெட்டைப் பார்த்தேன். மூன்று சிலிண்டர், ஆறே வால்வு, உள்ளங்கையில் அடங்கும் போலிருந்தது. எங்கள் பட்டறைக்குச் சீட் பார்க்க வந்தது. வளையத்தின் அகலத்தைப் பார்த்துவிட்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு மில்லிமீட்டர், அவ்வளவுதான். மேலே ஒரு சாய்வு, கீழே ஒரு சாய்வு, நடுவே நாற்பத்தைந்து டிகிரி. மேஸ்திரி தூக்கின் மேல் வைத்துச் சொன்னதையே யாரோ மெஷினில் வெட்டிச் சொல்லியிருந்தார்கள்.

நான் திரும்ப வால்பாறைக்கு ஏறி, பஜாரை ஒட்டிச் சொந்தப் பட்டறை போட்டேன். 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. நல்ல காரியம்தான், குழந்தைகள் மூச்சில் ஈயம் போகக்கூடாது. ஆனால் பழைய இன்ஜின்களில் அந்த ஈயம்தான் சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து வால்வைத் தாங்கிக்கொண்டிருந்தது. அது போனதும், மலை ஏறுகிற பழைய அம்பாசடர், பியட் எல்லாவற்றிலும் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டைத் தின்று உள்ளே இறங்க ஆரம்பித்தது. டேப்பெட் சத்தம் குறைகிறதே, இன்ஜின் அமைதியாகிவிட்டதே என்று சந்தோஷப்பட்டு வருவார்கள். இடைவெளி மூடிக்கொண்டு வருகிறது, வால்வு தொங்கப்போகிறது என்று அர்த்தம். சத்தம் குறைந்தால் பயப்பட வேண்டிய ஒரே இடம் அது. அந்த இரண்டு வருஷம் நான் மாற்றின சீட் ரிங்குகளுக்குக் கணக்கில்லை.

தம்பியின் ஹெட்டைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது அதுதான். அங்கே சீட்டைத் தின்றது ஈயம் இல்லாத பெட்ரோல். இங்கே தின்றது கட்டர். முடிவு ஒன்று: தண்டு ஏறிவிட்டது.

டர்போவை நான் அதற்கு முன் டீசலில் மட்டும்தான் தொட்டிருக்கிறேன். ஆனால் பயம் வரவில்லை. ஆல்பிரட் புக்கி என்ற சுவிஸ்காரர் 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர் 1918-ல் இதைச் சோதிக்க என்ன செய்தார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. லிபர்ட்டி என்ற விமான இன்ஜினை லாரியில் ஏற்றி, பைக்ஸ் பீக் என்ற மலைமேல் கொண்டுபோனார். பதினாலாயிரம் அடிக்கு மேல். கீழே 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் உச்சியில் 230-க்கு இறங்கியது. டர்போவைப் பூட்டியதும் 356. மலை ரோட்டில் லாரி ஏற்றித்தான் அவர்களும் படித்திருக்கிறார்கள். காருக்கு அது 1962-ல்தான் அமெரிக்காவில் வந்தது. 1975-ல் போர்ஷே 911 டர்போவுக்குப் பிறகு உலகமே அதன் பின்னால் ஓடியது.

எனக்கு டர்போ என்பது எக்ஸாஸ்ட் பிரேக்கின் தம்பி. இரண்டும் புகைக்குழாயில் குறுக்கே நிற்கிறவை. அங்கே ஷட்டர், இங்கே காற்றாடி. எக்ஸாஸ்ட் வால்வின் முதுகில் அழுத்தம் ஏறுவது அதேதான். கூடுதலாக, காற்றாடி தள்ளுகிற காற்று இன்லெட்டின் முதுகிலும் ஏறும். இன்லெட் வால்வு 34 மில்லிமீட்டர். பரப்பு ஒன்பது சதுர சென்டிமீட்டர். டர்போ ஒன்றரை கிலோ அழுத்தம் தந்தால், ஸ்பிரிங்கின் பிடியிலிருந்து பதின்மூன்று கிலோவுக்கு மேல் கழிந்துவிடும். தம்பி அழுத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார், ஸ்பிரிங் பழசு. கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டினேன். "புது ஸ்பிரிங் வாங்கியாரனுங்களா?" என்றார். பதினாறும் வேண்டும் என்றேன்.

எக்ஸாஸ்ட் வால்வுகளைக் கையில் எடுத்தால் எடை குறைவாக இருந்தது. தண்டு உள்ளே கூடு, அதில் சோடியம். 98 டிகிரியில் உருகி, வால்வு ஆடும்போது மேலும் கீழும் அலம்பி, தலையின் சூட்டைத் தண்டுக்குக் கடத்தும். இருபதுகளில் சாம் ஹெரான் என்பவர் விமான இன்ஜினுக்குச் செய்த யோசனை. 1927-ல் லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய இன்ஜினிலும் இதுதான். தண்டின் நுனியை அரைத்து உயரத்தைக் குறைக்கலாமே என்று தம்பி கேட்டார். நுனியின் கெட்டித்தோல் போய்விடும். அதைவிட, தவறி உடைந்து சோடியம் வெளியே வந்தால் தண்ணீர் பட்டதும் தீப்பிடிக்கும். ஆடி மாதத்து வால்பாறையில் எங்கே தண்ணீர் இல்லை?

ஆகவே சீட் ரிங்கே மாற்றுவது என்று முடிவு. பழைய ரிங்கின் உள்வட்டத்தில் வெல்டிங் கோடு போட்டேன். ஆறும்போது அது சுருங்கித் தானே கழன்றது. புது ரிங் கோவையில் கடைந்து வந்தது. குழியைவிட ஒரு நூல் பெரிது. அலுமினியத்தைச் சூடேற்றி விரியவைத்தால்தான் இறங்கும். எங்கள் பஜாரில் ஒரு பேக்கரி. சாயங்காலம் பன் எடுத்த பிறகு அடுப்பில் சூடு இருக்கும். ஹெட்டைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவி, தகரத் தட்டில் வைத்து உள்ளே தள்ளினோம். ரிங்குகள் கோழிக்கடை ஃப்ரீசரில். பேக்கரி அண்ணாச்சி கதவைத் திறந்து, "வெந்துருச்சா பாருங்க" என்றார். சாக்கில் பிடித்து இழுத்து, ரிங்கை வைத்து ஒரு தட்டு. டொக் என்று உட்கார்ந்தது. இரண்டு நொடி தாமதித்திருந்தால் பாதியில் நின்றிருக்கும்.

கட்டரில் மூன்று சாய்வு வெட்டி, வளையம் ஒன்றரை மில்லிமீட்டர். அதன் மேல் பேஸ்ட் போடக்கூடாது என்று புதுப் பையன்கள் சொல்கிறார்கள். மெஷின் வெட்டியதே போதுமாம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் நைஸ் பேஸ்ட் துளி தொட்டு நாலு சுற்று மட்டும் உரசுவேன். வெட்டுவதற்கு அல்ல, வளையத்தைப் படிக்க. பிறகு மண்ணெண்ணெய். பிறகு டீ. பதினாறும் உலர்ந்திருந்தன. அட்ஜஸ்டர்களை டீசலில் முக்கி, ஊசிக் கம்பியால் உள்ளே இருக்கும் குண்டை அழுத்தி, ஒவ்வொன்றிலும் காற்றுக்குமிழி நிற்கும்வரை அமுக்கி அமுக்கி எடுத்தோம். அதைத் தம்பியே செய்தார். டைமிங் பெல்ட்டோடு பேலன்ஸ் ஷாஃப்ட்டின் குட்டி பெல்ட்டையும் மாற்றச் சொன்னேன். அந்தக் குட்டி அறுந்து பெரியதில் சிக்கினால் வால்வெல்லாம் பிஸ்டனில் மோதி வளையும்.

மூன்று வாரம் கழித்துக் காரையே ஓட்டிக்கொண்டு ஏறி வந்தார். மூன்றாவது சிலிண்டர் மற்ற மூன்றோடு சமமாக நிற்கிறதாம். ஏறுவதில் எனக்குச் சந்தேகம் இல்லை, இறங்கலாம் வாருங்கள் என்றேன். கவர்க்கல்லில் பனி. இரண்டாம் கியர், ஆக்சிலேட்டரில் கால் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அந்த மாதிரிக் காரை அவ்வளவு மெதுவாக ஓட்டுவது தம்பிக்குத் தண்டனை மாதிரி இருந்தது. ஒன்பதாவது வளைவில் ஒரு ஆம்னி வேன்கூட எங்களை முந்திப் போயிற்று. ஆழியாறு செக்போஸ்டில் நிறுத்தினார். நான் இறங்கிப் பின்னால் போய், புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். செக்போஸ்ட் காவலர் என்னவோ கீழே விழுந்துவிட்டது என்று நினைத்துத் தேட வந்தார்.

"இப்ப மிதிங்க தம்பி" என்றேன்.